வாக்கிங்கா, யோகாவா, நாற்காலி பயிற்சியா: 70 தாண்டின அப்பா அம்மாவுக்கு எது?

வயசான அப்பா அம்மா இருக்கிற வீட்ல எல்லாம் டாக்டர் சொல்றது ஒண்ணுதான், "டெய்லி நடக்கச் சொல்லுங்க". எங்களுக்கும் அதான் சொன்னாங்க. அப்பாக்கு 76, சுகர் இருக்கு. அம்மாக்கு 71, முழங்கால் தேய்மானம். வாக்கிங், எட்டு நடை, மனவளக்கலை யோகா, அப்புறம் பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) சொல்லிக்குடுத்த, நாற்காலில இருந்து எந்திரிச்சு உட்கார்ற நாற்காலி பயிற்சின்னு எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டு இப்ப நாற்காலிலதான் வந்து நிக்கிறோம். கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன், ஊருக்கு ஊர் வசதி மாறும், ஆனா விஷயம் மாறாதுன்னு நினைக்கிறேன்.

வாக்கிங் பத்தி புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. சுகர், பிரஷர், தூக்கம், மனசு எல்லாத்துக்கும் நல்லது, செலவும் இல்ல. எங்க ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதைல காலைல ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க, ரிட்டயர் ஆனவங்க கூட்டம் கூட்டமா பேசிட்டே சுத்தி வருவாங்க, அப்பா அதுல ஒரு குரூப்போட ஐக்கியம், நடக்கிறதவிட அந்தப் பேச்சுக்காகத்தான் எந்திரிச்சுப் போறார்னு தோணும், அதுவும் இந்த வயசுல பெரிய விஷயம்தான். ஒண்ணே ஒண்ணு, போன்ல 10,000 ஸ்டெப் காட்டணும்னு அவங்கள விரட்டாதீங்க. அந்த நம்பர் 1965ல ஜப்பான்ல வித்த ஒரு ஸ்டெப் எண்ணுற கருவியோட பேர்ல இருந்து வந்தது. 2019ல அமெரிக்காவுல சராசரி 72 வயசுள்ள பெண்கள் 16,000 பேருக்கு மேல எடுத்துப் பார்த்தாங்க. நாளைக்கு 4,400 ஸ்டெப் நடந்தவங்களுக்கே, 2,700 நடந்தவங்களைவிட இறப்பு நல்லா குறைவா இருந்துச்சு, 7,500க்கு மேல போனா கூடுதலா பெருசா எதுவும் கிடைக்கல.

எட்டு நடை நம்ம ஊர்ல ரொம்ப பேமஸ், மொட்டை மாடில சாக்பீஸ்ல எட்டு போட்டு அது மேலயே நடக்கிறது. திரும்பித் திரும்பி நடக்கிறதால பேலன்ஸுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும், மழைன்னா ஹால்லயே போட்டுக்கலாம். அம்மாவுக்கு கொஞ்ச நேரத்துலயே கிறுகிறுன்னு வந்துருச்சு, அதோட விட்டாச்சு. தலைசுத்தல் இருக்கவங்களுக்கு இது வேண்டாம்.

மனவளக்கலை, கோவை பொள்ளாச்சி பக்கம் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, வேதாத்திரி மகரிஷி ஆரம்பிச்ச யோகா முறை, ஆழியார்ல அவங்க மையம் இருக்கு. அதுல வர்ற எளியமுறை உடற்பயிற்சி, கைப்பயிற்சி கால்பயிற்சில ஆரம்பிச்சு மூச்சு, கண், மகராசனம், உடம்பு தேய்க்கிறது, அக்குபிரஷர், கடைசில ஓய்வுன்னு முடியும். அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சது. காலைல இருக்கிற விறைப்பு குறையுதுன்னாங்க, மனசு லேசா இருக்குன்னாங்க, நான் அதை மறுக்கவே இல்ல. ஆனா பாதி பயிற்சி தரைல உட்கார்ந்தும் படுத்தும்தான், முழங்கால் தேஞ்சவங்களுக்கு தரைல இறங்கி ஏறுறதே ஒரு போராட்டம். அதைவிட முக்கியம், கால் தசைக்கு பாரம் ஏறுற வேலை அதுல ரொம்ப குறைவு. பாரம் ஏன் வேணும்னு கேட்டா, அங்கதான் மொத்த முடிவும் இருக்கு.

இந்த வயசுல நான் பயப்படுறது சுகருக்கோ பிரஷருக்கோ இல்ல, விழறதுக்கு. 65 தாண்டினவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழறாங்க. சுகருக்கு மாத்திரை இருக்கு, இடுப்பு எலும்பு உடைஞ்சா ஆபரேஷன், படுக்கை, அப்புறம் அந்த மனுஷன் பழையபடி எந்திரிச்சு நடமாடுறது பல பேருக்கு நடக்கிறதே இல்ல. எங்க தெருவுல ஒரு பெரியவர், வருஷக்கணக்கா ஒரு நாள் விடாம நடந்தவர், கோயில் படில கால் இடறி விழுந்து இடுப்பு போச்சு. அவ்ளோ நடந்தவர் எப்படி விழுந்தார்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கும் அந்தக் கேள்விதான் மண்டைல ஓடிட்டே இருந்துச்சு, பிசியோகிட்ட கேட்டப்பதான் புரிஞ்சுது.

நம்ம தசைல ரெண்டு வகை நார் இருக்கு, மெதுவா ரொம்ப நேரம் உழைக்கிறது ஒண்ணு, சட்டுனு சுருங்கி பலம் குடுக்கிறது இன்னொண்ணு. வயசாக ஆக மெலிஞ்சு போறது அதிகமா ரெண்டாவது வகைதான். கால் தடுக்கினா அடுத்த கால டக்குனு முன்னாடி வச்சு உடம்ப நிறுத்தறது அதோட வேலை. சமதரைல நிதானமா நடக்கிறப்ப முதல் வகையே போதும், ரெண்டாவதுக்கு வேலையே வராது, வேலை இல்லாத தசை கரைஞ்சுட்டே இருக்கும். அதான் தினமும் நடக்கிறவரும் விழறார்.

ஆராய்ச்சியும் அதையேதான் சொல்லுது. 2019ல, மருத்துவ ஆய்வுகள சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகள, 23,000 பேருக்கு மேல சேர்த்து அலசிச்சு. பேலன்ஸ் பயிற்சியும் எந்திரிக்கிறது உட்கார்றது மாதிரி பயிற்சியும் செஞ்சவங்க விழறது சுமார் 24 சதவீதம் குறைஞ்சுது, அதோட தசை பலப்படுத்துற பயிற்சியும் சேர்ந்தா சுமார் 34 சதவீதம். வாக்கிங் மட்டும்னா விழறது குறையும்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் கிடைக்கல. வெயிட் மட்டும் தூக்கினாலும் அதே நிலைமைதான், ரெண்டும் சேரணும். இந்த வயசுக்கு மேல தசையாவது வர்றதாவதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 1990லயே பாஸ்டன்ல முதியோர் இல்லத்துல 90 வயசு ஒட்டினவங்களுக்கு எட்டு வாரம் காலுக்கு வெயிட் பயிற்சி குடுத்துப் பார்த்தாங்க, கால் பலம் சராசரியா ரெண்டரை மடங்குக்கு மேல ஆச்சு.

நாங்க செய்யறது இதான். கை இல்லாத கனமான மர நாற்காலி, முதுகுப்பக்கம் சுவத்துல ஒட்டி இருக்கணும். பிளாஸ்டிக் சேர் வேண்டாம், டைல்ஸ்ல பின்னாடி வழுக்கும். செருப்பு சாக்ஸ் இல்லாம வெறுங்கால். கை ரெண்டையும் மார்ல குறுக்கா கட்டிட்டு எந்திரிக்கணும், திரும்ப உட்கார்றப்ப தொப்புனு விழாம மனசுக்குள்ள நாலு எண்ணி இறங்கணும், உண்மையான வேலை அந்த இறக்கத்துலதான். முதல் நாள் அம்மா "விழுந்துருவேன் கண்ணு"ன்னு சேரையே புடிச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க. பிசியோ பொறுமையா, "முன்னாடி நல்லா குனிங்கம்மா, மூக்கு முட்டிய தாண்டி வரட்டும், அப்புறம் எந்திரிங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்"ன்னு சொல்லி ஒரு தலகாணிய மடிச்சு சீட்ல போட்டு உயரம் ஏத்தினாங்க. உயரம் ஏறினதும் முழங்கால் வலிக்காம எந்திரிச்சுட்டாங்க. அப்புறம் தலகாணி மெலிசாச்சு, அப்புறம் எடுத்தாச்சு, இப்ப ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்ட நெஞ்சோட அணைச்சுட்டு எந்திரிக்கிறாங்க. சுலபமா ஆகும்போதெல்லாம் கொஞ்சம் கஷ்டம் கூட்டிட்டே போகணும், அதுதான் இதோட சூட்சுமம், சமதரை வாக்கிங்ல அதுக்கு வழி ரொம்ப குறைவு.

மிச்சமெல்லாம் சமையல் மேடைய புடிச்சுட்டே நடக்கும். குக்கர் விசில் வர்ற வரைக்கும் குதிகால் தூக்கி இறக்கறது, ஒத்தக்கால்ல நிக்கிறது, ஒரு கால் விரலுக்கு முன்னாடி இன்னொரு கால் குதிய ஒட்டி வச்சு நடக்கிறது. நியூசிலாந்துல 1990கள்ல ஒட்டாகோன்னு ஒரு வீட்டுப் பயிற்சி முறை கொண்டு வந்தாங்க, அதுலயும் கணுக்கால் வெயிட், பேலன்ஸ், கூடவே நடைன்னுதான் இருக்கும்.

உங்க வீட்ல இருக்கவங்க எப்படின்னு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு. கைய குறுக்கா கட்டிட்டு 30 செகண்டுல எத்தனை தடவை முழுசா எந்திரிக்கிறாங்கன்னு எண்ணுங்க, பக்கத்துல ஆள் நிக்கணும். 70ல இருந்து 74 வயசுல ஆம்பளைங்க 12க்கு கீழ, பொம்பளைங்க 10க்கு கீழன்னா கால் பலம் குறைவுன்னு அர்த்தம். தினமும் ரேஸ்கோர்ஸ் சுத்துற எங்க அப்பா இதுல அம்மாவைவிட பெருசா ஒண்ணும் கூட எடுக்கல, அதுக்கப்புறம்தான் அவரும் நாற்காலிக்கு வந்தார்.

இன்னொரு லாபம், மழை, வெயில், தெருநாய், உடைஞ்ச நடைபாதை எதுவும் இதை நிறுத்தாது. குறைன்னா போரடிக்கும், துணைக்குப் பேச ஆள் இல்ல, யாராவது கூட நின்னாத்தான் நடக்கும். அதனால வாக்கிங்க விடச் சொல்லல. 65க்கு மேல உள்ளவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதே வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் நடை மாதிரி உழைப்பு, கூடவே மூணு நாளாவது பேலன்ஸும் பலமும் சேர்ந்த பயிற்சின்னுதான். நம்ம வீடுகள்ல முதல் பாதிய மட்டும் புடிச்சுட்டு ரெண்டாவத விட்டுட்டோம். நேரமோ தெம்போ ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா நான் நாற்காலியத்தான் சொல்வேன்.

நீச்சல், ஜிம் பத்தியெல்லாம் எங்க வீட்டு அனுபவம் இல்ல, அதனால அதைப் பத்தி பேசல. பக்கவாதம் வந்தவங்க, ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்க, மூட்டு மாத்தினவங்களுக்கும் இதை அப்படியே எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட காமிச்சுட்டு ஒரு நல்ல பிசியோவ வச்சு ஆரம்பிங்க. எந்திரிக்கிறப்ப மூச்ச அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும், வாய்விட்டு எண்ணச் சொன்னா மூச்சு தானா போகும். இன்சுலின் போடுறவங்க வெறும் வயித்துல செய்ய வேண்டாம். லேசா தசை வலிச்சா பரவால்ல, மறுநாளும் முட்டி வலிச்சா தலகாணிய திரும்ப போட்டு குறைச்சுக்கங்க.

தசை பலத்துக்கு இழுத்துப் பயிற்சி செய்யற ரப்பர் பேண்ட் வாங்கறதா இருந்தா மஞ்சள் அல்லது சிவப்புல ஆரம்பிங்க, பெரும்பாலும் அதுங்கதான் லேசு. நம்ம ஊர் வெயிலுக்கு ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும், ஜன்னல் பக்கம் தொங்க விடாம கொஞ்சம் பவுடர் போட்டு அலமாரில வைங்க, சின்னக் கீறல் தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுருங்க, இழுக்கிறப்ப அறுந்தா நேரா கண்ணுல அடிக்கும்.