பி.எஃப்.ஏ. படிப்பு: நாலு வருஷம் கொடுக்கலாமா?

மிக்ஸிக்கும் மொபைலுக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறார்கள், நாலு வருஷத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒரு படிப்புக்கு எழுதுவாரில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு யாராவது ஃபோன் பண்ணிவிடுகிறார்கள், "பையன் நல்லா படம் போடுவான், ஃபைன் ஆர்ட்ஸ் சேர்த்துவிடலாமா, வேலை கிடைக்குமா?" என்று. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இது. நான் பெயிண்டிங் படித்தவன், இப்போது சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் ஸ்டோரிபோர்டு, அதாவது எடுக்கப்போகும் காட்சிகளை முன்கூட்டியே ஷாட் ஷாட்டாகப் படம் போட்டுக் காட்டுவது, வரைந்து பிழைக்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சில குறைகள் சொல்ல வேண்டியிருக்கிறது, அதோடு இது ஒரு கல்லூரிக்கான ரிவ்யூவும் இல்லை, பி.எஃப்.ஏ. என்ற ஃபைன் ஆர்ட்ஸ் இளங்கலைப் படிப்புக்கானது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையும் கண்ணும் தேற வேண்டும் என்று வருகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சர்டிஃபிகேட்டைக் காட்டி வேலை வாங்கிவிடலாம் என்று வருகிறவன் வேறு கவுண்டருக்குப் போவது நல்லது.

செலவு விஷயத்தில் எல்லோரும் ஃபீஸைத்தான் கேட்கிறார்கள். சென்னை பெரியமேட்டிலும் கும்பகோணத்திலும் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் ஃபீஸ் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரமே இல்லை, தனியாரில் கதை வேறு. ஆனால் பணம் போவது அங்கே இல்லை, மெட்டீரியலில். ஆயில் கலர், பிரஷ், பேப்பர், சிற்பம் எடுத்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஃபைபர் என்று வாரா வாரம் கை நீட்டும். அதனால்தான் ரெடிமேட் கேன்வாஸை யாரும் தொடுவதில்லை. காடாத் துணி வாங்கி, சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, ஜிங்க் ஒயிட் பவுடரில் ஃபெவிகாலைக் கலந்து பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடி பூசி, அதில்தான் வரைவோம். ஃபெவிகால் கொஞ்சம் கூடிவிட்டால் பெயிண்ட் ஒட்டாமல் வழுக்கும், குறைந்துவிட்டால் துணி எண்ணெயைக் குடித்துவிட்டுக் கலர் செத்துப்போகும். இந்த அளவை ஒரு புத்தகமும் சொல்லித்தராது, சீனியர் அண்ணன்தான் சொல்லித்தருவான். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பில் பாதி சிலபஸ் சீனியர்கள்தான்.

அடுத்து டிபார்ட்மெண்ட். யோசிக்காமல் விடப்படுவது இதுதான், பின்னால் சோற்றைத் தீர்மானிப்பதும் இதுதான். ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், செராமிக், டெக்ஸ்டைல், பிரிண்ட்மேக்கிங் என்று பிரிவுகள் உண்டு, கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். "ஓவியம் கிடைக்கலேன்னா செராமிக்கில் தள்ளிட்டாங்க" என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படித்து முடித்த கையோடு சொந்தமாகச் சூளை வைத்து, ஹோட்டல்களுக்குத் தட்டும் கோப்பையும் செய்துகொடுத்து, எங்கள் செட்டிலேயே முதலில் மாதக் கடைசியைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தது ஒரு செராமிக் பெண்தான். டெக்ஸ்டைலுக்குக் கரூர், திருப்பூர் பக்கம் வேலை இருக்கிறது. பளபளப்பில்லாத வேலை, ஆனால் சம்பளம் முதல் தேதி வரும். இன்னொன்று, கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் மூன்று வருஷ பி.எஸ்சி. விஸ்காமையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே கேமராவும் மீடியாவும் அதிகம், இங்கே வரைதல் அதிகம்.

"தொழில் கிடைக்குமா" என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில், பின்னால் இந்தப் பெரியமேட்டுக் கல்லூரியாக வளர்ந்த கலைப் பள்ளியை ஆரம்பித்ததே ஆட்களுக்குக் கைத்தொழில் பழக்கத்தான், வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு இல்லை. சட்டம் போட்டு மாட்டும் நவீன ஓவியமெல்லாம் பின்னால் வந்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தார், அவருக்கு அடுத்து வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கர் செய்த காரியத்தை ஒவ்வொரு பி.எஃப்.ஏ. மாணவனும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓவியம் விற்குமா என்று காத்திருக்காமல், பசங்களைப் பாத்திக் (துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றுவது) போன்ற கைவினைப் பொருட்கள் செய்ய வைத்து, அதை விற்ற காசில் நிலம் வாங்கித்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் எழுந்தது. காலையில் வயிற்றுக்கு, மாலையில் மனசுக்கு. நம் ஊர் ஓவியர்களின் பொருளாதாரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் வகுப்பில் அவருடைய 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பற்றிச் சொல்வார்கள், இந்த பாத்திக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, உள்ளே என்ன நன்றாக இருக்கிறது? ஸ்டூடியோ. காலையில் போய் உட்கார்ந்தால் மாடல் எதிரில் இருப்பார், பெரும்பாலும் வயதானவர், இடையில் டீ குடிக்கப் போவார், திரும்பி வந்தால் தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கும். அந்த அரை அங்குலத்தைப் பிடிக்கத் தெரிவதுதான் படிப்பு. சிற்பத்தில் கம்பிக் கூடு கட்டி, களிமண்ணை அப்பி, சாயங்காலம் ஈரச் சாக்கைச் சுற்றி பாலிதீன் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டும், ஒருநாள் மறந்தால் மூக்கில் விரிசல். எனக்கு ரொம்பப் பிடித்தது எட்சிங், உலோகத் தகட்டில் கோட்டை ஆசிட்டால் அரிக்கவைத்து அதிலிருந்து பேப்பரில் அச்செடுப்பது. மெழுகுப் பூச்சு பூசிய ஜிங்க் தகட்டில் கோடு கீறி நைட்ரிக் ஆசிட்டில் போட்டால் கோட்டின் மேல் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை அப்படியே விட்டால் கோடு பிசிறடிக்கும், அதற்காக ஒரு பறவை இறகை வைத்துத் தடவித் தடவி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்குக் காக்கா இறகு, அதுதான் வளாகத்தில் இலவசம். மூச்சடைக்கும், கண் எரியும், எக்ஸாஸ்ட் ஃபேன் பெயருக்குத்தான் ஓடும், ஆனாலும் பிரஸ்ஸிலிருந்து ஈரப் பேப்பரை மெல்ல உரிக்கும் அந்த நிமிஷத்துக்காக மறுநாளும் போவோம். இப்படி ஒரு பிரஸ்ஸை வீட்டில் வாங்கி வைக்க முடியாது. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்கிறவர்களுக்கு என் பதில் இந்த ஒரு மெஷின்தான்.

அவுட்டோரும் அப்படித்தான். சென்ட்ரல், மூர் மார்க்கெட், காசிமேடு என்று பலகையைத் தூக்கிக்கொண்டு அலைந்து வாட்டர் கலர் போட்டவனுக்குக் கூட்டத்தை எத்தனை கோட்டில் சொல்லலாம் என்று தெரிந்துவிடும். நான் இன்றைக்கு ஸ்டோரிபோர்டில் சாப்பிடுவது அந்தச் சோறு.

இனி குறைகள். கம்ப்யூட்டர் லேப் என்று ஒரு அறை எங்கள் கல்லூரியில் இருந்தது, பூட்டியபடி. ஃபோட்டோஷாப்பை வெளியே காசு கட்டித்தான் படித்தோம். இப்போது சில இடங்களில் நிலைமை தேவலை என்கிறார்கள், சேருவதற்கு முன் நேரில் போய்க் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கலை வரலாறு வகுப்பில் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதுவதுதான், படம் காட்டிப் பேசியது குறைவு. ஆனால் இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, காசைப் பற்றி நாலு வருஷமும் ஒருவரும் வாயே திறக்காதது. கொட்டேஷன் எப்படி எழுதுவது, அட்வான்ஸ் எவ்வளவு கேட்பது, எத்தனை தடவை திருத்திக் கொடுப்பது, எதுவும் கிடையாது. படித்து முடித்த புதிதில் ஒரு ரெஸ்டாரண்டுக்குச் சுவர் முழுக்க ஓவியம் போட்டுக் கொடுத்தேன். பாதிப் பணம் வந்தது, மீதிக்குப் பதில் "உங்க பேரு வெளிய தெரியும்ல தம்பி" என்றார்கள். சட்டத்தையும் அப்புறம்தான் படித்தேன்: 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால், பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர் காசு கொடுத்தவர்தான். ஒரே ஒரு வகுப்பு, ஒரு மணி நேரம், இதைச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்.

வேலைகள். சினிமா ஆசை இருக்கிறவர்கள் ஆர்ட் டைரக்டர்கள் தோட்டா தரணி, சாபு சிரில் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருவார்கள், இரண்டு பேரும் சென்னைக் கல்லூரியில் படித்தவர்கள்தான். நடிகர் சிவகுமாரும் அங்கே ஓவியம் படித்தவர். ஆனால் ஆர்ட் டிபார்ட்மெண்டில் நுழைகிறவனுக்கு முதல் சில வருஷங்கள் அசிஸ்டெண்ட் வேலை: விடிவதற்குள் செட்டில் நிற்க வேண்டும், புதுச் சுவரைப் பழசாக்கப் பாசியும் கறையும் ஏற்ற வேண்டும், ஒரு ஷாட்டில் அரை நொடி தெரியப்போகிற காலண்டருக்காகப் பாதி பாரிமுனையை அலச வேண்டும். படம் இருந்தால் பேட்டா, இல்லையென்றால் இல்லை. யூனியன் கார்டுக்கும் பணம் சேர்க்க வேண்டும். பிடித்தவனுக்கு இது சொர்க்கம், மாதச் சம்பளம் எதிர்பார்க்கிற வீட்டுக்கு நரகம்.

மாதச் சம்பளம் வேண்டுமென்றால் அனிமேஷன், கேம், விளம்பர ஏஜென்சி, அப்புறம் ஆப் டிசைன். என்னோடு படித்தவர்களில் நிறையப் பேர் கடைசியில் சொன்னதில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், பிரஷ்ஷைத் தொட்டு நாளாச்சு என்று புலம்புவார்கள், ஆனால் கார் வாங்கிவிட்டார்கள். ஏஐ வந்தபிறகு சாதாரண இல்லஸ்ட்ரேஷன் வேலைகள் தேய்ந்துவிட்டன, இதை மறைப்பதில் அர்த்தமில்லை. டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதை உடனே கோடாக்குகிற வேலை இன்னும் அப்படியே இருக்கிறது.

வாத்தியார் வேலைக்கு மட்டும்தான் சர்டிஃபிகேட் உண்மையிலேயே பேசும். ஆனால் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் பணி எப்போது அறிவிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது தொகுப்பூதியம் 5,000 ரூபாய், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை போராட்டம் நடத்தினார்கள் என்பது ஊரறிந்த கதை. தனியார் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர் என்றால் ஆண்டுவிழாவுக்கு ஸ்க்ரீன் எழுதுவதும் போர்டு எழுதுவதும் சேர்த்து. கல்லூரியில் பாடம் எடுக்க எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் படிப்பு வேண்டும், அதற்கு பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் என்று வெளியே போய்விட்டு வந்தால் பார்வை விரியும். டிசைன் பக்கம் திரும்ப நினைத்தால் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைக்குப் போகலாம், பி.எஃப்.ஏ. முடித்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

படம் வரைந்து விற்றே வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். என் செட்டில் விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் எல்லோருக்கும் ஆரம்ப வருஷங்களில் வீட்டு வாடகையை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள்.

ஸ்டார் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை, ஸ்டூடியோவுக்கு மட்டும் ஐந்து. சேருவது என்று முடிவாகிவிட்டால், பிளஸ் டூவில் எந்த குரூப் என்று கவலைப்பட வேண்டாம், நுழைவுத் தேர்வில் கைதான் பேசும். அதற்கென்று பெரிய தொகை வாங்கும் கோச்சிங் கிளாஸ்கள் முளைத்திருக்கின்றன, ஒரே மாதிரி பூச்சாடியை ஒரே மாதிரி ஷேடிங்கில் பழக்கி அனுப்புகிறார்கள், பார்த்தவுடன் எந்த கிளாஸ் என்று சொல்லிவிடலாம். அந்தப் பணத்துக்கு பேப்பர் கட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, தூங்குகிறவர்களை வரையுங்கள். அசைய மாட்டார்கள், காசும் கேட்க மாட்டார்கள்.