பெர்மிட் காணி முதல் வர்த்தமானி வரை: இலங்கைச் சட்டங்களை இணையத்தில் தேட எந்தத் தளம் நல்லது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இலங்கைச் சட்டங்களில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. ஒரே இடத்தில் இல்லை என்பதும், சட்டத்தின் இலக்கமும் வருடமும் தெரியாதவருக்கு லேசில் அகப்படாது என்பதும்தான் பிரச்சினை. கிளிநொச்சியில் காணி அலுவல்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் ஆள் நான். நாலு தளங்களை மாறி மாறித் திறந்து பார்ப்பது என் அன்றாட வேலை. எது எதற்கு உதவும் என்று நம் பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நான் அதிகம் நம்புவது அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் டொக்கியுமன்ட்ஸ் டொட் ஜிஓவி டொட் எல்கே என்ற தளத்தை. சட்டங்கள், சட்டமூலங்கள் (இன்னும் நிறைவேறாத சட்ட வரைவுகள்), வாராந்த வர்த்தமானி (அரசிதழ்), அதிவிசேட வர்த்தமானி என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பிடிஎப்பாக இருக்கும், கோப்பின் பெயர் முடிகிற இடத்தில் எஸ், ரி, ஈ என்ற எழுத்தைப் பார்த்தாலே எந்த மொழி என்று தெரிந்துவிடும். ஆங்கிலப் பிரதியின் இணைப்பு மட்டும் யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பினால், முகவரியில் அந்த ஓர் எழுத்தை ரி என்று மாற்றிப் பாருங்கள், அநேகமாகத் தமிழ்ப் பிரதி திறக்கும். வர்த்தமானி இலக்கம் பலரைக் குழப்புகிறது. வெள்ளிக்கிழமை வரும் வாராந்த வர்த்தமானிக்கு ஒரு தனி இலக்கம், அந்த வாரத்துக்குள் வரும் அதிவிசேட வர்த்தமானிகளுக்கு அதே மாதிரி ஓர் இலக்கமும் சரிவுக்கோடும் வரிசை எண்ணும், அவ்வளவுதான் விசயம்.

இதை ஏன் வன்னியில் இருக்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றால், 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை வந்த 2430ஆம் இலக்க வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி, 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம் என்று அதில் இருந்தது. காணி உறுதிப் பத்திரம் தொலைந்த குடும்பங்கள், பிள்ளைகள் கனடாவிலும் இந்தியாவிலும் இருக்கிற குடும்பங்கள், இடம்பெயர்ந்து நாலு ஊர் மாறிய குடும்பங்கள் எல்லாம் 3 மாதத்தில் என்ன செய்வது? அந்த ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, பிறகு அரசாங்கம் அறிவித்தலை மீளப்பெற்றது. ஆனால் நாட்கள் எண்ணத் தொடங்கியது மார்ச் 28 அன்று, ஊரில் நான் பேசிய பலருக்கு விசயம் காதில் விழுந்தது எவ்வளவோ பிந்தி. அதிலிருந்து வெள்ளி பின்னேரம் வர்த்தமானியைத் திறந்து காணி அறிவித்தல் பகுதியில் நம் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் விடுவதில்லை.

பாராளுமன்றத் தளம் இரண்டாவது. வருடவாரியாகச் சட்டங்களும் சட்டமூலங்களும் ஒழுங்காக அடுக்கியிருக்கிறது, அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியும் அங்கே கிடைக்கிறது. சட்டமூலப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். இந்த நாட்டில் ஒரு சட்டமூலத்தை நிறைவேற முன்னர்தான் உயர்நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சபாநாயகர் கையொப்பமிட்டுச் சான்றுரைப்படுத்திவிட்டால் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை சொல்கிறது. அதனால் சட்டமாக வந்த பிறகு படித்து ஆத்திரப்படுவதைவிட மூலமாக இருக்கும்போதே படிப்பது எவ்வளவோ மேல்.

பழைய சட்டம் வேண்டுமென்றால் நீதி அமைச்சின் லோநெட், அல்லது அவுஸ்திரேலியாவிலிருந்து நடத்தப்படும் கொமன்லீ. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். லோநெட்டில் பழைய நீதிமன்றத் தீர்ப்பு அறிக்கைகளும் உண்டு, ஒரு பிரிவை நீதிபதிகள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று பார்க்க அது பெரிய உதவி. கவனிக்கவேண்டியது, பழைய தொகுப்பு என்பது ஒரு காலத்தோடு நின்றுவிட்ட தொகுப்பு. அதற்குப் பிறகு வந்த திருத்தங்களை நீங்களே தேடி, பக்கத்தில் வைத்து, எந்த வரி போய் எந்த வரி வந்தது என்று ஒட்டிப் பார்க்கவேண்டும்.

ஒரு உதாரணத்தோடு சொன்னால் விளங்கும். முரசுமோட்டைப் பக்கம் ஒரு அக்கா, கணவர் பெயரில் பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி), பின்னுரித்தாளி, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுபவர் என்று யாரையும் பெயர் குறிக்காமலே அவர் இறந்துவிட்டார். கணவரின் சகோதரர்கள் காணி மூத்த மகனுக்குத்தான், உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அயலில் ஒருவர் தேசவழமைப்படி (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டப்படி) பாதி உனக்கு என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் பிழை. இரணைமடுத் திட்டத்திலும் மற்றக் குடியேற்றத் திட்டங்களிலும் பெர்மிட்டில் கொடுத்த காணிகளுக்குப் பொருந்துவது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். மரணசாசனம் இல்லாமல் இறந்தவரின் சொத்துப் பற்றிய வேறெந்தச் சட்டமும் இந்தக் காணிகளுக்குச் செல்லாது என்று அதன் 170ஆம் பிரிவு தெளிவாக வெட்டிவிடுகிறது. அப்புறம் 48அ பிரிவு, பெயர் குறித்திருந்தாலும் சரி குறிக்காவிட்டாலும் சரி, பெர்மிட்காரர் இறந்தால் வாழ்க்கைத்துணை அந்தக் காணியைத் தொடர உரித்துடையவர். கொமினிகேசன் கடையில் அந்தப் பிரிவை அச்செடுத்து வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, இது இப்பவும் இருக்கிற சட்டமோ, பழசோ?"

அதுதான் சரியான கேள்வி. அதே கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பழைய தொகுப்பில் பார்த்தால் மகன் முதலில், மகள் பிறகு என்று ஆணுக்கு முன்னிடம் கொடுத்த வரிசை அப்படியே இருக்கிறது. 2022இல் வந்த திருத்தச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. பழைய பிரதியை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போகும் ஒரு மகள், தனக்குப் பாத்தியதை இல்லை என்று நம்பித் திரும்பி வந்துவிடுவாள். இறந்தது எந்த வருடம் என்பதைப் பொறுத்து எந்த வாசகம் பொருந்தும் என்பதும் மாறலாம், அதைச் சட்டத்தரணியிடம்தான் கேட்கவேண்டும். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அது என்று தெரிந்துகொண்டு போவதற்கு இந்தத் தளங்கள் போதும். 1969இல் ஒரு திருத்தம், 1981இல் ஒரு திருத்தம், 2022இல் ஒன்று என்று இந்த ஒரு சட்டத்துக்கே கோப்புகள் சேர்க்கவேண்டியிருக்கிறது.

உறுதிக் காணி, அதாவது உறுதிப் பத்திரமுள்ள தனியார் காணி என்றால் கதை வேறு. நம் நாட்டுச் சட்டம் அடுக்கடுக்காக வந்தது. பொதுச் சட்டமாக ரோமன் டச்சுச் சட்டம், குற்றவியலிலும் வணிகத்திலும் ஆங்கிலேயச் செல்வாக்கு, அவற்றோடு கண்டியர் சட்டம், முஸ்லிம் சட்டம், நமக்குத் தேசவழமை. தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்தார்கள், ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றார்கள். முதுசம் (பெற்றோர் வழி வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) பற்றி இன்று தேடுகிறவர் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டத்தையும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், பங்குக் காணி விற்கிறவர்கள் முன்கொள்வனவு (பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை) பற்றிய 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத்தையும் பார்க்கவேண்டும். பெயரில் யாழ்ப்பாணம் என்று இருப்பதால் வன்னிக்குப் பொருந்தாது என்று நினைத்துவிடாதீர்கள். பெயரை வைத்தே காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம்: கட்டளைச் சட்டம் என்று வந்தால் சுதந்திரத்துக்கு முந்தியது, உடனே லோநெட் பக்கம் போங்கள்.

இனிக் குறைகள். பெரிய குறை தமிழ்த் தேடல். தமிழ்ப் பிடிஎப்கள் பலவும் யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் செய்யப்பட்டவை, கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், பிரதி எடுத்து ஒட்டினால் பொருளில்லாத எழுத்துக் குவியலாக வரும். ஆகவே கூகிளில் "பெர்மிட் காணி மனைவி உரிமை" என்று தமிழில் அடித்தால் சட்டத்தின் வாசகம் வராது, யாரோ எழுதிய பத்திரிகைக் கட்டுரைதான் வரும். முதலில் ஆங்கிலத்தில் தேடி இலக்கத்தைப் பிடித்து, அந்த இலக்கத்தை வைத்துத் தமிழ்ப் பிரதிக்குப் போகவேண்டியிருக்கிறது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கும் நாட்டில், தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் தன் காணிச் சட்டத்தைத் தமிழில் தேடிப் பிடிக்க முடியாது என்பது எனக்கு ஆறவே ஆறாத விசயம்.

இன்னொன்று, தளத்தில் இருப்பதாலேயே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஆகஸ்ட் 4 சான்றுரைப்படுத்தப்பட்டது, நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. மறுபக்கமாக, காலம் முடிந்துபோன சட்டமும் அங்கேயே இருக்கும். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதப் போராட்ட நிலைமையால் தன் காணிக்கு வழக்குப் போட முடியாமல் போனவருக்கு எதிராக, அந்தக் காலத்தை எண்ணி "10 வருசம் காணி என் ஆட்சியில், ஆகவே எனக்கு" என்று இன்னொருவர் உரிமை கோருவதைத் தடுக்க வந்தது. நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதிய சட்டம். வழக்குப் போடக் கொடுத்த காலம் 2 வருடம், 2018 ஏப்ரலோடு முடிந்தது. இப்போதும் அந்தப் பிடிஎப்பைத் திறந்து "இது எனக்குப் பொருந்துமே" என்று ஓடி வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது?

சுற்றறிக்கைகளை இந்த நாலு தளத்திலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அவை சட்டமும் அல்ல. ஆனால் பிரதேச செயலகத்தில் வேலை நடப்பது அநேகமாக அவற்றின்படிதான், போருக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளுக்கான 2013/01 காணிச் சுற்றறிக்கை போல. பிரதி வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்கவேண்டும்.

சரி, யாருக்கு எது? புதிய சட்டம், வர்த்தமானி என்றால் அச்சகத் தளம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சட்டமூலமும் அரசியலமைப்பும் பாராளுமன்றத் தளம். கட்டளைச் சட்டமும் பழைய தீர்ப்பும் லோநெட், அது திறக்காவிட்டால் கொமன்லீ. இரணைமடுவுக்கு உள்ளே சிக்னல் இழுபறியாக இருக்கிற இடங்களில் பெரிய பிடிஎப் பாதியில் நின்றுவிடும், டவுனுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அச்செடுக்கும்போது காசைப் பார்த்துத் தேவையான பிரிவை மட்டும் எடுக்காதீர்கள். முதற்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், சான்றுரைத் திகதி அதில்தான் இருக்கும். கடைசிப் பக்கத்தையும் எடுங்கள், சிங்கள, தமிழ் வாசகங்களுக்கிடையே ஒவ்வாமை வந்தால் எந்த மொழி வாசகம் மேலோங்கும் என்ற பிரிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெரும்பாலான சட்டங்களில் அது சிங்களம், அதனால் வழக்கு வரை போகிற விசயம் என்றால் சிங்களப் பிரதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.