குழந்தைக்கு முதல் டேப் வாங்கப் போகிறீர்களா? 8,500 ரூபாயைத் தொலைத்த நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் சின்னப் பிள்ளைக்கு டேப் (டேப்லெட்) வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இன்று மதியம்தான் அந்தக் கடையிலிருந்து திரும்பினேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கடையின் பெயரைப் போடவில்லை. செல்போன், கவர், சார்ஜர், ரீசார்ஜ் எல்லாம் ஒன்றாக இருக்கும் கடை. வாசலில் கலர் கலராக 'கிட்ஸ் டேப்' அட்டைகள் தொங்கும்.

என் மகளுக்கு ஆறு வயது. அவள் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். நான் வீட்டில் பலகாரம் சுட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறேன். ஆர்டர் வருவதும் என் போனில்தான், அவள் அப்பாவைப் பார்த்துப் பேசுவதும் அதே போனில்தான். அதனால் சிம் இல்லாத சின்ன டேப் ஒன்று வாங்கலாம், தினமும் அரை மணி நேரம், அதுவும் அப்பத்தா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று பேசி முடிவெடுத்தோம். தீபாவளிக்குத் தேன்குழலும் சீப்புச்சீடையும் சுட்டுச் சேர்த்த காசு அந்த 8,500 ரூபாய்.

கடையில் என்ன மரியாதை தெரியுமா! பிள்ளைக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கையில் மிட்டாய் கொடுத்து, நீலக் கலர் ரப்பர் கவரை மாட்டி, "பாப்பா, பிடிச்சுப் பாரு"ன்னு கடைக்காரர் கொடுத்தார். நான் பேட்டரி எப்படி, சூடாகுமா என்று துருவித் துருவிக் கேட்டேன். "அக்கா, இது குழந்தைங்களுக்குன்னே வர்றது. என் மகளுக்கும் இதைத்தான் கொடுத்திருக்கேன்" என்று தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு சின்னப் பெண் அதே நீலக் கவர் போட்ட டேப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகளைக் காட்டிச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "மெஷின் ரிப்பேர்க்கா, வாட்ஸாப்பில் அனுப்பிடுறேன்" என்று ஒரு வெள்ளைச் சீட்டில் 'டேப் 1, 8,500' என எழுதி சீல் குத்தித் தந்தார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோனது. அவள் அப்பா அனுப்பிய வீடியோக்களை ஏற்றி வைத்தால், புதிதாக ஏற்ற ஏற்ற முன்னால் ஏற்றியவை திறக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் வந்து நோண்டிப் பார்த்தான். பெட்டியில் 64 ஜிபி, செட்டிங்ஸிலும் 64 ஜிபி. உள்ளே உண்மையில் இருக்கும் சேமிப்பு இடமோ அதில் கால்வாசிகூட இல்லை. சாஃப்ட்வேரில் எண்ணை மட்டும் மாற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸைத் திறந்து காட்டினான், சான்றளிக்கப்படாத சாதனம் என்று அதிலேயே போட்டிருக்கிறது.

இதெல்லாம் பணத்தோடு போகட்டும். போன வாரம் சார்ஜ் போட்டிருந்தபோது அதன் பின்பக்கம் வெள்ளைப் பணியாரம் மாதிரி உப்பி, திரையின் ஓரம் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றது. தொட்டால் சுடுகிறது. என் பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டுதான் அப்பாவுடன் பேசுவாள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கடைக்குப் போனால், முதலில் "சார்ஜரை மாத்திப் போடுங்க." அப்புறம் "அப்டேட் கேட்குது, ரெண்டு நாள் விடுங்க." அடுத்து "ஓனர் மதுரைக்குப் போயிருக்காரு." பேட்டரி உப்பியதைக் காட்டியதும், "பாப்பா கீழே போட்டிருக்கும்." ஆறு வயதுப் பிள்ளையின் மேல் பழி! இன்று என்ன சொன்னார் தெரியுமா? "இன்னும் 3,000 போட்டு வேற மாடல் எடுத்துக்கங்கக்கா." படத்தைக் காட்டி விற்ற அதே ஆள், என் முகத்தைப் பார்க்காமல் வேறொருவர் போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டே சொல்கிறார். 8,500 ரூபாய் என்றால் எத்தனை நாள் அடுப்படி வெக்கை என்று அவருக்குத் தெரியுமா?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராததும் முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். அதிலும் தீராவிட்டால் சிவகங்கை நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

வாங்கப் போகிறவர்களுக்கு என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கைக்கு வராமல் ஒரு ரூபாய் தராதீர்கள். டேப், சார்ஜர் இரண்டிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' (R) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், என்னுடையதில் இரண்டுமே இல்லை. பிளே ஸ்டோர் சான்றைக் கடையிலேயே திறந்து பாருங்கள். ஏற்கெனவே வாங்கி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். அதே நீலக் கவர் டேப் உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே எழுந்து போய் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்.