முதல் ஃபாஸ்டர் நாய்: குட்டியா, வளர்ந்ததா, வயதானதா?

மீட்கப்பட்ட நாய் ஒன்றைத் தத்துப் போகும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, அதாவது ஃபாஸ்டர் செய்ய, முன்வருபவர்களில் பலர் முதலில் கேட்பது குட்டியைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். வீட்டில் ஏற்கெனவே வயதான நாய் ஒன்றும் பூனை ஒன்றும் இருந்தன. சின்னக் குட்டி என்றால் இரண்டும் எளிதில் ஏற்றுக்கொள்ளும், சண்டை வந்தாலும் பெரிதாக அடிபடாது என்று நினைத்தேன். அது தவறு என்று புரிய ஒரு வாரம் போதுமாக இருந்தது.

குட்டி, வளர்ந்த நாய், வயதான நாய் மூன்றையும் நம் ஆசையை வைத்து ஒப்பிட்டால் குட்டிதான் ஜெயிக்கும். வீட்டில் இருக்கும் பிராணிகளின் பக்கம் நின்று பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. எனக்கு இந்த இரண்டாவது பார்வைதான் முக்கியம். ஃபாஸ்டர் எடுக்கலாம் என்று முடிவு செய்தது நாம். நம் நாயையும் பூனையையும் யாரும் கேட்கவில்லை.

முதலில் குட்டிகள். இங்கே பெரிய பயம் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய். வைரஸ் உடம்புக்குள் போனபின் வாந்தி, பேதி தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில நேரம் இரண்டு வாரம்கூட. அதனால் வந்த அன்று துள்ளி விளையாடும் குட்டி நோயோடு வந்திருக்கலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான் 6 - 8 வாரத்தில் தொடங்கி, குறைந்தது 16 வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாயிற்று என்று சொன்னால் பாதுகாப்பு முழுமையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் கை சானிடைசருக்கும் அது சாவதில்லை, ப்ளீச் கரைசல் வேண்டும். தோட்டத்து மண்ணை ப்ளீச் போட்டுக் கழுவ முடியாது. ஒரு குட்டிக்கு நோய் வந்துவிட்டால் அடுத்து பல மாதங்களுக்கு அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டி எதுவும் வரக் கூடாது. தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட பெரிய நாய்க்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நம் நாய்க்கு ஊசி தவறியிருந்தால் அதைச் சரிசெய்த பிறகே ஃபாஸ்டர் பேச்சு.

நோயை விடுங்கள், என் வீட்டில் சிக்கலானது வேறு. பெரிய நாய் முகத்தைத் திருப்புவது, உதட்டைத் தூக்குவது, விறைத்து நிற்பது எல்லாம் ‘போதும், தள்ளிப் போ’ என்பதற்கான மொழி. குட்டிக்கு அந்த மொழி இன்னும் சரியாகப் புரியாது. மேலே ஏறும், காதைக் கடிக்கும், தூங்க விடாது. என் நாய் மூன்றாம் நாள் உறுமியது. நான் அதை அதட்டினேன். இன்றும் வருத்தப்படுவது அதற்குத்தான். உறுமல் என்பது எச்சரிக்கை. அதைத் திட்டி அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடி விழலாம். அதட்டாமல் குட்டியைத் தூக்கி வேறு அறைக்குக் கொண்டு போயிருக்க வேண்டும்.

ஆனால் குட்டிகளுக்கு நம் வீடு தரும் ஒன்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையிலான பருவத்தில் பார்ப்பதும் பழகுவதும் அதன் குணத்தில் ஆழமாகப் பதிகிறது. அந்த நாட்களில் ஒரு பூனையோடும் நிதானமான நாயோடும் வளர்ந்த குட்டி, போகிற வீட்டுக்குப் பெரிய வரம். அதனால் குட்டிகளை எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை வேண்டாம் என்கிறேன். அதிலும் கண் திறக்காத, தாயில்லாத குட்டிகள் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்து, சூடு குறையாமல் பார்த்து, சிறுநீர் கழிக்கக்கூட ஈரத் துணியால் தடவிவிட வேண்டும். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கக் கூடாத வேலை.

வளர்ந்த நாயில் என்ன வசதி என்றால், அளவும் வேகமும் குணமும் ஓரளவு தெரிந்தே வரும். ‘ஓரளவு’ என்ற சொல் முக்கியம். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: மிரட்சி குறைய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், முழுக்க இயல்பாக மூன்று மாதம். முதல் நாள் மூலையில் அமைதியாகப் படுத்திருப்பதை அதன் குணம் என்று நம்பி அன்றே பூனையைக் காட்டிவிடாதீர்கள். ‘பூனையோடு பழகும்’ என்று சொன்னால், பூனை இருந்த வீட்டில் வாழ்ந்ததா, காப்பகத்தில் ஒருமுறை காட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

வந்ததும் தனி அறையில் இரண்டு வாரம் வைப்பது நல்லது. காப்பக இருமல் (நாய்களிடையே எளிதில் தொற்றும் இருமல்) இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும், நாய்க்கும் ஓய்வு கிடைக்கும். அந்த நாட்களில் படுக்கைத் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்கலாம். அப்புறம் இரண்டு நாய்களையும் வீட்டுக்கு வெளியே, இரண்டு பேர் ஆளுக்கொன்றாகப் பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். நேருக்கு நேர் நிறுத்தி மோப்பம் பிடிக்க விடுவதைவிட இது எவ்வளவோ மேல். உள்ளே வந்தபின் உணவுக் கிண்ணங்கள் தனித்தனி அறையில். எலும்பும் பொம்மையும் கண்ணில் படக் கூடாது. பூனைக்கு உயரமான இடமும், நாய் நுழையவே முடியாத ஓர் அறையும் வேண்டும். நாய் அசையாமல், வாய் மூடி, உடல் விறைத்துப் பூனையையே பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்தப் பார்வை குரைப்பைவிட ஆபத்தானது.

வயதான நாயை அதிகம் பேர் கேட்பதில்லை என்பது எனக்கு மனதை அறுக்கும் விஷயம். வீட்டில் இருப்பதும் வயதானது என்றால் இதைவிடப் பொருத்தமான துணை கிடைப்பது அரிது. நாளில் பெரும்பகுதி தூங்கும், யாரையும் தொந்தரவு செய்யாது. மூட்டுவலி இருக்கும் நாயை நம் இளம் நாய் போய் இடித்தால் அது கடிக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தத்துப் போக மாதங்கள் ஆகலாம், சில நேரம் கடைசி வரை நம்மிடமே இருக்கலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.

சிகிச்சையில் இருக்கும் நாயை எடுக்கச் சொன்னால் நோயின் பெயரைக் கேளுங்கள். இதயப்புழு கொசுவால்தான் பரவும், பக்கத்தில் படுத்தால் நம் நாய்க்கு வராது. ஆனால் சிகிச்சையின்போது ஓடவோ துள்ளவோ விடாமல் மாதக்கணக்கில் அடக்கி வைக்க வேண்டும். விளையாட்டுப் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் கஷ்டம். சொறியிலும் இரண்டு வகை: சார்கோப்டிக் என்றால் மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும்கூடத் தொற்றும், டெமோடெக்ஸ் என்றால் அப்படிப் பரவாது.

சரி, எத்தனை நாளுக்கு? ‘தத்துப் போகும் வரை’ என்று முதல் முறையே ஒப்புக்கொள்வதைவிட, ஏற்கெனவே ஃபாஸ்டர் செய்யும் ஒருவர் ஊருக்குப் போகும் ஒரு வாரம் அவர் வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ளலாம். அது என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்று சொல்ல ஆள் இருக்கும். எதுவானாலும், ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், மருத்துவச் செலவு யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வந்தது ஐந்து வயது மதிக்கத்தக்க பெண் நாய். மூன்றாம் வாரம் என் நாய் தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் விட்டது. அது தத்துப் போன பிறகு என் நாய் இரண்டு நாள் வாசற்கதவுப் பக்கமே படுத்துக் கிடந்தது. ஒரு மாதம் யாரையும் எடுக்கவில்லை. அடுத்து யார் வேண்டும் என்று மீட்பு அமைப்பிலிருந்து கேட்டபோது, வயதானது ஏதாவது காத்திருக்கிறதா என்று கேட்டேன்.