எலும்பு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கிடைத்த ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) சேவை: 5-க்கு 3

அப்பாவுக்கு 77 வயது, மூன்று வருஷமாக டிமென்ஷியா (மறதி நோய்). பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததால் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனில் குறையே இல்லை. அப்புறம்தான் பாடு.

ராத்திரி பதினோரு மணியானால் எழுந்து போகப் பார்ப்பார், யூரின் டியூபைப் பிடுங்குவார். டெலீரியமாம், டிமென்ஷியா உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கப்புறம் சுலபமாக வந்துவிடும் குழப்பம். கையைக் கட்டிலோடு கட்டினார்கள், கட்டக் கட்ட ஆவேசம்தான் கூடியது. மூன்றாம் நாள் டாக்டர் "ஓ.டி.யிலிருந்து வருவாங்க" என்றதும், ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் மறுபடி கொண்டுபோகப் போகிறார்கள் என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். வந்தது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடக் காரியங்களை நோயாளி முடிந்தவரை தானே செய்ய உதவுகிறவர், சின்னப் பெண்.

அவர் முதலில் கேட்டதே "ஐயா என்ன வேலை பார்த்தாங்க?" என்பதுதான். ஆர்.எம்.எஸ். சார்ட்டர், முப்பது வருஷம் ராத்திரி ரயிலில் தபால் பிரித்தவர் என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது, மனுஷன் டியூட்டிக்குக் கிளம்பியிருக்கிறார்! அன்று சாயங்காலமே அந்தப் பெண் ஒரு கட்டு பழைய கவர்களைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். 1972-இல் பின்கோடு வந்த நாளிலிருந்து பழகிய கை, 6-இல் தொடங்குவது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம் என்று பிரித்து முடித்துவிட்டுத் தூங்கினார்.

பையில் கிடந்த அப்பாவின் கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடச் சொன்னார் அந்தப் பெண், டாக்டரிடம் பேசி டியூபை எடுக்க வைத்தார், அப்பாவாகக் கேட்கும்வரை காத்திராமல் இரண்டு மணிக்கொரு தரம் கமோட் நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி அவர் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது என்று வாழை இலைத் துண்டு போடச் சொன்னார் பாருங்கள், அதுவரை தொடாதவர் மூன்று இட்லி சாப்பிட்டார்.

அப்புறம் ஏன் 3? மொத்த ஆஸ்பத்திரிக்கும் இந்த ஒரு பெண்தான், ஞாயிற்றுக்கிழமை லீவு. அவர் எழுதி வைத்துப் போனதை ராத்திரி ஷிஃப்ட் படிக்கவே இல்லை, மறுபடி கட்டிவிட்டார்கள். டிமென்ஷியா நோயாளியோடு வீட்டு ஆள் தங்க உரிமை கேட்டு பிரிட்டனில் 2014-இல் ஜான்ஸ் கேம்பெயின் என்று ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. நம்ம ஊரில் அட்டெண்டர் பாஸ் கேட்காமலே கையில் திணிக்கிறார்கள், ஆனால் தங்குகிற ஆளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அங்கே போவதாக இருந்தால் சேர்க்கிற அன்றே ஓ.டி. வேண்டும் என்று கேளுங்கள். பில்லில் 'பிசியோ' என்றுதான் போடுவார்கள், பயப்பட வேண்டாம்.