பிடித்துக்கொள்ளும் பிசாசும் இழுத்துக்கொள்ளும் ஆசையும்

தீமையைக் காட்டிய படங்கள் என்று கிறிஸ்தவர்கள் பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது 1973இல் வெளியான ‘தி எக்ஸார்சிஸ்ட்’. கட்டில் அதிர்வதும் பிசாசு பிடித்த சிறுமியின் தலை பின்புறமாகத் திரும்புவதும்தான் பலருக்கு நினைவிருக்கிறது. எனக்கோ அதில் உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. பேயோட்ட வரும் பாதிரியார் கராஸின் தாய் தனிமையில் இறந்திருக்கிறாள். பிசாசு அவள் குரலிலேயே அவரிடம் பேசுகிறது. குற்றவுணர்வுதான் அதற்கு வாசல். ஆனாலும் அங்கே தீமை வெளியிலிருந்து வந்து ஒரு பச்சைப்பிள்ளையின் உடலைப் பிடிக்கிறது. பார்ப்பவர் ‘நமக்கு இது நேராது’ என்று தேறிவிடலாம்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (2001–2003) என்ற மூன்று பாகப் படம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. யாரையும் ஆசைகாட்டிக் கெடுக்கும் தீய மோதிரம் ஒன்றை எரிமலையில் வீசி அழிக்க ஃப்ரோடோ சுமந்து போகிற கதை அது. உடன் போகும் வீரன் போரோமிர் மோதிரத்தைக் கேட்பது தன் மக்களைக் காக்க. மந்திரவாதி காண்டால்ஃப் அதை வாங்க மறுப்பதும், நல்லது செய்யும் ஆசையே தன்னை வீழ்த்திவிடும் என்று அஞ்சித்தான். “அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு சோதிக்கப்படுகிறான்” என்கிறது யாக்கோபு நிருபம். கடைசியில் எரிமலை விளிம்பில் ஃப்ரோடோவே தோற்கிறான்; மோதிரத்தை வீசாமல் விரலில் மாட்டிக்கொள்கிறான். முன்பு அவன் இரங்கி உயிரோடு விட்ட ‘கோலம்’ (Gollum) என்ற, மோதிரத்தின் மேல் வெறிகொண்டவன் அந்த விரலைக் கடித்துப் பறித்த பிறகுதான் மோதிரம் நெருப்பில் விழுகிறது. மூலக்கதையை எழுதிய டோல்கீன் கத்தோலிக்கர். பிரசங்கம் செய்யாமலே கிருபையைக் காட்டிவிட்டார்.

வாலிபர் கூடுகையில் திரையிட ஒன்றைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன், நீளத்துக்காக மூன்று வாரமாகப் பிரித்தாவது.