நட்சத்திரம் தெரிந்தால் எட்டரைக்குத்தான் வருவார்கள்

போன ஜனவரி கடைசியில் ஒரு மாலை, ஜன்னல் துடைக்க ஆள் வேண்டுமென்று ஒருவருக்கு போன் போட்டேன். நம்பர் தந்தது மார்க்கெட்டில் லீக்ஸ் விற்கும் அக்கா. எத்தனை ஜன்னல், எத்தனை மாடி என்றுதான் முதலில் கேட்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் கேட்டதோ வேறு.

"அம்மா, கொஞ்சம் வெளிய வந்து பாருங்க. அங்க நட்சத்திரம் தெரியுதா?"

வாசலுக்கு வந்து பார்த்தேன். அள்ளிக் கொட்டியது போல் தெரிந்தது.

"அப்ப வெள்ளன வர மாட்டோம்மா. எட்டரைக்கு வர்றோம்."

காலையில் எழும்ப அலுப்புப்பட்டுச் சொல்லும் சாட்டு என்றுதான் நினைத்தேன். பத்தரைக்கு விருந்தாட்கள் வருகிறார்கள், இவர்கள் எட்டரைக்கு வந்து எதைத் துடைக்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனை வைத்தேன். அதன்பின் அவர்கள் மூன்று தடவை வந்து போய்விட்டார்கள். இப்போது நல்லதும் கெட்டதும் எழுதலாம்.

எங்களுடையது நுவரெலியாவை அடுத்த சீதாஎலியப் பக்கம், பதுளை வீதியிலிருந்து கீழே ஓடையை நோக்கி இறங்கும் சரிவில் ஆறு அறை கொண்ட விடுதி. மொத்தம் 28 ஜன்னல். பாதி பழைய மரச்சட்டம், சின்னச் சின்னக் கண்ணாடி. மீதி நான் பிறகு போட்ட அலுமினியம். காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் மலை தெரிய வேண்டும், வருகிறவர்கள் அதற்குத்தான் காசு தருகிறார்கள். ஆனால் கணப்பில் விறகு எரிவதால் உள்ளே புகை படியும், வீதி வாகனங்களின் கரி வெளியே படியும். அதோடு இரவெல்லாம் ஈரம். இரண்டு வாரம் விட்டால் மலை சாம்பல் நிறத்தில்தான் தெரியும்.

இதில் பனி வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். பத்திரிகைகள் அதைத் துகள் பனி என்று எழுதும், நாங்கள் பனி விழுந்திருக்கிறது என்போம். உண்மையில் மேலிருந்து எதுவும் விழுவதில்லை. மேகம் இல்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி போர்த்தியது மாதிரி, சூடு நிற்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரிச் சரிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கிற வீட்டுக்கு ஒன்றும் இராது, ஓடைக்கரையில் இருக்கிற எனக்குப் புல் வெளுத்திருக்கும். என் அப்பா கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பனி விழுந்த மறுநாள் பள்ளத்து மலையில் கொழுந்து நெருப்பில் வாட்டியது போல் கருகிக் கிடக்கும் என்பார். சின்ன வயதில் கூட்டிப்போய்க் காட்டியும் இருக்கிறார்.

விறாந்தையில் தொங்கும் வெப்பமானி அன்று நாலு பாகை காட்டும். அதை நம்பிக் கீழே காலை வைத்தால் புல் நொறுங்கும். ஆள் உயரத்தில் இருக்கிற குளிர் வேறு, தரையில் இருக்கிற குளிர் வேறு. இதை நான் தெரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை, எங்கள் சமையற்கார அக்காவின் கையில்.

அதற்கு முந்திய வருஷம் வேறொரு கூட்டத்தை அழைத்திருந்தேன். பெயர் வேண்டாம். சீருடை போட்டு வேனில் வந்தார்கள், பில் அச்சடித்துத் தந்தார்கள். மாலை நாலரைக்கு மேல்மாடி ஜன்னல்களுக்குக் குழாயைப் பிடித்து அடித்தார்கள். கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் முழுக்க வெளி இரும்புப் படியில் வழிந்தது. அன்றிரவு வானம் துப்புரவு. காலை ஆறு மணிக்கு மேல்மாடிக்குத் தேத்தண்ணி கொண்டுபோன அக்கா நாலாவது படியில் வழுக்கினார். படியில் கண்ணுக்கே தெரியாத ஐஸ், பொலித்தீன் தாள் ஒட்டியது போல. மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை மாவுக்கட்டு. வேன்காரர்களுக்கு போன் போட்டேன். "நாங்க ஜன்னல் மட்டுந்தான் மெடம்" என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு பயத்தில் நானே இரண்டு பைத்தியக்காரத்தனம் செய்தேன். ஒன்று, கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணி கொண்டுபோய், தண்ணீர் ஓடும் கான் மேலே போட்டிருக்கிற பலகைப் பாலத்தில் ஊற்றியது. வெள்ளை கரைந்தது, ஆனால் மரம் ஊறிக்கொண்டது, அடுத்த நாள் முன்னைவிட மோசம். இரண்டாவது, உப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, இந்த எட்டரை மணிக்காரர்களுக்கு வருவோம். மாமாவும் மருமகனும். மாமாவுக்கு அறுபது இருக்கும், மருமகனுக்கு இருபத்திரண்டு. சீருடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஓட்டோவின் மேலே ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டுக்கு உள்ளே வந்ததும் மாமா ஜன்னலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். பாதையில் ஒரு சுற்று போனார், அங்கங்கே குதிகாலால் இழுத்துப் பார்த்தார். சிமெந்துப் பாதையில் பனி அவ்வளவு இல்லை, அதில் அவர் நிற்கவே இல்லை. நேரே பலகைப் பாலத்துக்கும் இரும்புப் படிக்கும் போனார்.

"அடியில காத்து போற இடந்தாம்மா மொதல்ல உறையும். தரைக்கு அடியில மண்ணு சூடு இருக்கு. பலகைக்கு என்ன இருக்கு?"

ஆறு வருஷமாக நான் இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

பிறகு கேட்டார்: "அடுப்புச் சாம்பல் இருக்குங்களா?" எங்கள் சமையலறையில் ஒரு விறகடுப்பு உண்டு. ஒரு வாளி சாம்பல் கொடுத்தேன். கரித்துண்டுகளைப் பொறுக்கிப் போடாமல் அப்படியே பலகையிலும் படியிலும் தூவினார். கருப்பாக இருந்தால் வெயில் பட்டதும் சீக்கிரம் இளகுமாம், கரகரப்பும் இருக்குமாம். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. மழைநாளில் லயத்து வாசலிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு இறங்கும் சரிவில் அவளும் இப்படித்தான் சாம்பலைக் கொட்டி வைப்பாள். விடுதி நடத்தத் தொடங்கியதும் அதையெல்லாம் மறந்துவிட்டு நான் உப்புப் பைக்கற் வாங்கப் போயிருக்கிறேன்.

உப்பு யோசனை லண்டனிலிருந்து வந்தது. என் அக்கா மகன் படிக்கப் போன இடத்தில் முதல் குளிர்காலம் ஜன்னல் துடைக்கும் வேலைக்குப் போனான். அங்கே ஏணி குறைவு. தரையில் நின்றபடி நீளக் கம்பு, நுனியில் தூரிகை, அதன் வழியே தாதுப்பு வடிகட்டிய தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் காய்ந்தால் கறை விடாது, துடைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடியைக் கழுவிய தண்ணீர் அத்தனையும் கீழே பாதையில்தான் விழுகிறது, குளிரில் அது ஐஸாகிறது. ஒரு கிழவி வந்து விழுந்தால் முடிந்தது கதை. அதனால் வண்டியில் உப்பு மூட்டை வைத்திருப்பார்களாம், சப்பாத்துக்கு மேலே ஆணி வைத்த ரப்பர் பட்டை மாட்டுவார்களாம், மிஞ்சிப்போனால் அன்றைக்கு வேலையே இல்லை என்பார்களாம். உப்பு கலந்த தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போனாலும் உடனே உறையாது, அதுதான் சூட்சுமம். "சித்தி, ரெண்டு கிலோ கல்லுப்பு வாங்கிப் போடுங்க" என்றான். போட்டேன். கேட்டோரம் நின்ற ரோஜாச் செடி இரண்டும் நுனியிலிருந்து காய்ந்துபோயின, இரும்புப் படியின் கீழ்த்தட்டில் துரு பிடித்தது. லண்டன் தெருவுக்கு அது சரிதான், பிள்ளை மேல் பிழையில்லை. எங்கள் பனி ஒன்பது மணி வெயிலுக்கு நிற்காத பனி. அதற்கு உப்புப் போடுவது கொசுவுக்குத் துவக்கு எடுப்பது.

மாமா மீதி உப்பைப் பார்த்துவிட்டு, "ஊறுகா போடுங்கம்மா" என்றார்.

இனி வேலை. எட்டரைக்கு வந்தாலும் வெளியே கை வைக்கவில்லை, உள்பக்கம் தொடங்கினார்கள். ஒன்பதேகாலுக்குக் கிழக்குப் பக்கம் காய்ந்ததும் ஏணி வெளியே போனது. ஏணிக் காலுக்கு அடியில் மடித்த உரச்சாக்கு. மருமகன் மேலே ஏறினால் மாமா கீழே ஏணியைப் பிடித்தபடி நிற்கிறார், போன் வந்தாலும் எடுப்பதில்லை. வாளியில் அரை வாளித் தண்ணீர்தான், அதில் ஒரு மூடி ஸ்பிரிட். ஸ்பிரிட் சேர்ந்தால் சீக்கிரம் காயுமாம். துணியைப் பிழிந்துதான் வைக்கிறார்கள், பிறகு ரப்பர் வைப்பரால் ஓர் இழுப்பு, ஓரத்துக்குப் பழைய வீரகேசரி. ஜன்னலுக்குக் கீழே சாக்கு விரித்துச் சொட்டுகிறதைப் பிடிக்கிறார்கள். அழுக்குத் தண்ணீரைப் பாதையில் ஊற்றாமல் பாலம் தாண்டி, கானின் கீழ்ப்பக்கம் கொண்டுபோய் ஊற்றினான் அந்தப் பையன். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது, கண்ணாடியைப் பிறகுதான் பார்த்தேன்.

கண்ணாடி? நன்றாக இருந்தது. வேன்காரர்கள் அளவுக்குப் பளபளப்பு என்று சொல்ல மாட்டேன். மரச்சட்டத்துச் சின்னக் கண்ணாடிகளின் மூலையில் அங்கங்கே கோடு விட்டிருந்தது. காட்டினால் சிரித்துவிட்டுத் திரும்பத் துடைக்கிறான்.

ஒரு சம்பவம். தண்ணீர் ரொம்பக் குளிராக இருக்கிறதே, பிள்ளையின் கை விறைக்கிறதே என்று எங்கள் சமையற்கார அக்கா கொதிதண்ணி கொண்டுவந்து வாளியில் ஊற்றப் போனார். மாமா வாளியைத் தள்ளி வைத்துவிட்டார். "தங்கச்சி, கையைக் காப்பாத்தப் போயி கண்ணாடிய ஒடைச்சிருவீங்க." குளிர்ந்து கிடக்கிற கண்ணாடியில் கொதிநீர் பட்டால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது, வெடித்துவிடும். வெதுவெதுப்பாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள், கையை நனைக்க மட்டும்.

காசு: கீழ் ஜன்னல் ஒன்றுக்கு 250 ரூபாய், மேல்மாடி 400. உள்ளும் புறமும் சேர்த்து. வேன்காரர்கள் வாங்கியதைவிடக் குறைவுதான், ஆனால் மலிவு என்று சொல்ல முடியாது. பகல் சோறும் நாலு தடவை தேத்தண்ணியும் அதில் சேராது. நாலு தடவை என்றால் நாலு தடவைதான், எண்ணினேன். சீனி தனியாக உள்ளங்கையில்.

இனிக் குறைகள். முதலாவது சாம்பல். தூவுகிறார்கள், கூட்டுவதில்லை. பனி இளகியதும் அது கறுப்புக் கூழாகிவிடும். பத்தரைக்கு வந்த விருந்தாட்கள் நாலு பேரும் அதை மிதித்து என் மண்டபத்து விரிப்பில் நடந்தார்கள். இரண்டாம் தடவை நானே வாசலில் சாக்குப் போட்டுத் தப்பித்தேன். ஒரு விளக்குமாறு எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டதற்கு, "பனிக்காலம் முடியட்டும்மா, மொத்தமா கழுவித் தர்றோம்" என்றார் மாமா. பார்ப்போம்.

இரண்டாவது நேரம். நட்சத்திரக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிட்டால் மூன்று மணிக்கே ஏணியை மடக்குகிறார்கள். ஒருநாள் வேலை இரண்டு நாளாகிவிடும். விருந்தாட்கள் இருக்கிற நாளில் இவர்களை அழைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் இன்னும் தீராத வழக்கு. வடக்குப் பக்கம் மேல்மாடியில் இரண்டு ஜன்னல். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது, அந்தச் சுவரோரப் பாதைக்கு வெயில் என்பதே கிடையாது. பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது, பனி நாளில் பச்சைக்கு மேல் வெள்ளை. அங்கே ஏணி வைக்க மாட்டேன் என்கிறார் மாமா. சாம்பல் போடுங்கள் என்றேன், பாசிக்குச் சாம்பல் பிடிக்காதாம். குளோரின் தூள் போட்டு நானும் அக்காவும் ஒரு பகல் முழுக்கத் தேய்த்தோம், மூன்று கிழமையில் திரும்பப் பச்சை. இரட்டிப்பாகத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். மருமகனுக்கு ஆசைதான், ஏணியைத் தூக்கவும் போனான். மாமா அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். என்னிடம் 26 ஜன்னலுக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார், அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் கழிந்தால் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து வடக்கே சாயத் தொடங்கும், அந்தப் பாதையும் காயும், அப்போது வந்து இரண்டையும் செய்து தருகிறேன் என்றிருக்கிறார். சீசனுக்கு என் முதல் புக்கிங் ஏப்ரல் 10. அந்த அறைதான். அதுவரைக்கும் அங்கே திரைச்சீலை போட்டிருக்கிறேன்.